மரபணு டெஸ்ட்னா பரம்பரை வியாதினு அர்த்தம் இல்லைங்க

இந்த மாசத்துல இது மூணாவது ஆள். ஹெபடைட்டிஸ் சி (கல்லீரலைத் தாக்குற வைரஸ் தொற்று), கையில ரிப்போர்ட். "மரபணு பரிசோதனைனு போட்டிருக்கு, எங்க அப்பா அம்மாவுக்கு இந்த வியாதியே கிடையாது, அப்ப ரிப்போர்ட் தப்புதான்"னு அவரே முடிவு பண்ணி மருந்தே எடுக்காம விட்டுட்டார். வயித்துல தண்ணி கோத்த பிறகுதான் திரும்ப வந்தார்.

தயவுசெஞ்சு கேளுங்க. நாங்க பாக்குறது உங்க மரபணுவ இல்ல, உங்க ரத்தத்துல இருக்குற வைரஸோட மரபணுவ. அது எந்த வகை வைரஸ்னு தெரிஞ்சுக்கத்தான், உங்க பரம்பரைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஒரே வீட்ல அம்மாவுக்கும் பிள்ளைங்களுக்கும் ஹெபடைட்டிஸ் பி இருந்தா பரம்பரைனுதான் தோணும், ஆனா அது பெரும்பாலும் பிரசவ நேரத்துல அம்மாகிட்ட இருந்து தொத்துனது, பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள தடுப்பூசி போட்டா பெரும்பாலும் தடுத்துடலாம். பரம்பரையா வர்றத ஊசி போட்டு தடுக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க.

இன்னொன்னு, ரிப்போர்ட்ல ஜீனோடைப் (அதாவது வைரஸோட வகை) 3னு இருந்தா மூணாவது ஸ்டேஜ் இல்ல. சி வைரஸ்ல 1ல இருந்து 8 வரைக்கும் வகை இருக்கு, அது வெறும் பேரு.

ஒரு நாட்டுல எந்த வகை சுத்துதுனு பாத்தா அது எப்படி பரவுச்சுங்கறதும் தெரியவரும். எகிப்துல 4ஆம் வகைதான் அதிகம். அங்க ஒரு ஒட்டுண்ணிப் புழுவுக்காக ஊர் ஊரா போட்ட ஊசில, சரியா சுத்தம் பண்ணாத கண்ணாடி சிரிஞ்சயே திரும்பத் திரும்ப பயன்படுத்தினாங்க. வைரஸோட மரபணு மாற்றங்கள வச்சு பின்னோக்கி கணக்கு போட்டாலும், பரவல் வேகமெடுத்தது 20ஆம் நூற்றாண்டு நடுவுல, ஊசி பெருகுன காலத்தோட ஒத்துப்போகுது. பரம்பரை இல்ல, சிரிஞ்ச்!

அதனால ஊசி போட்டா கண்ணு முன்னாடி புது சிரிஞ்ச் பிரிக்கச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க. பச்சை குத்துற ஊசிக்கும் அதேதான். ரேஸர் பகிராதீங்க. பி-க்கு தடுப்பூசி இருக்கு, பி வைரஸோட எல்லா வகைக்கும் அதே ஊசி போதும். சி-க்கு தடுப்பூசி கிடையாது, ஆனா பெரும்பாலானவங்களுக்கு 12 வாரம் மாத்திரை, 95 சதவீதத்துக்கு மேல குணமாகுது. வீட்ல ஒருத்தருக்கு வந்தா மத்தவங்களும் டெஸ்ட் எடுங்க. ரிப்போர்ட்ல ஏதாவது வார்த்தை புரியலைன்னா நீங்களா அர்த்தம் பண்ணிக்காம அன்னைக்கே எங்ககிட்ட கேளுங்க, ப்ளீஸ்.