மணலில் எப்படி நிற்பது?

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம் ஊரின் தெற்குக் கடற்கரையில் சாயங்காலமானால் டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆட்டம். பேட் பிடிக்கும் பையன்களில் ஒருவன் பந்து போடுபவனுக்குத் தோளைக் காட்டி நிற்பான், இன்னொருவன் நெஞ்சையே காட்டுவான். எது சரி?

140 கிலோமீட்டர் வேகப் பந்து பேட்டரிடம் வந்து சேர அரை வினாடிகூட ஆகாது. அதைக் கண் பார்த்து உடல் அசையத் தொடங்கவே சுமார் 0.2 வினாடி போய்விடும். மிச்சத்தில்தான் கால் நகர வேண்டும், பேட் இறங்க வேண்டும்.

தோளைக் காட்டி நின்றால் பேட் பந்தின் பாதையிலேயே நேராக இறங்கும்; பந்தை முன்னோக்கி அடிக்கும் டிரைவ் அழகாக வரும். ஆனால் கழுத்து சரியாகத் திரும்பாவிட்டால் பின்பக்கக் கண்ணை மூக்கு மறைத்துக்கொள்ளும். தூரத்தைக் கணிக்க இரண்டு கண்ணும் வேண்டுமே! நெஞ்சைக் காட்டினால் அந்தத் தொல்லை இல்லை, உடம்புக்கு வரும் பந்தையும் லெக் சைடில், அதாவது கால் பக்கமாக, தள்ளிவிடலாம். அதற்கு எதிர்ப்பக்கமான ஆஃப் சைடில் விலகிப் போகும் பந்துதான் வம்பு. வெஸ்ட் இண்டீஸின் சந்தர்பால் அப்படி நின்றே டெஸ்டில் 11,867 ரன் எடுத்தார். ஆனால் பந்து வருவதற்குள் பக்கவாட்டுக்குத் திரும்பிவிடுவார்.

அந்தத் திரும்பலுக்குத்தான் மணல் இடம் கொடுக்காது. முன்காலை எடுக்கப் பின்காலை அழுத்த வேண்டும். காய்ந்த மணலில் குதிகால் புதையும். உந்திய விசையில் ஒரு பகுதி மணலை விலக்குவதற்கே போய்விடும். அலை நனைத்துப்போன ஈர மணல் வேறு மாதிரி. துகள்களுக்கு இடையே உள்ள நீர் அவற்றை இழுத்துப் பிடிக்கும், கால் புதையாது, பந்தும் எழும்பும்.

அப்புறம் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று. கிரிக்கெட் பந்து 160 கிராம், டென்னிஸ் பந்து 58 கிராம்தான்; அளவில் பெரிய வித்தியாசமில்லை. அதனால் அதே காற்று டென்னிஸ் பந்தை ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாக ஒதுக்கும். கடைசி வரை பார்த்து ஆட நெஞ்சைக் காட்டுவதுதான் வசதி. காற்று ஒன்று சொல்ல, மணல் வேறொன்று சொல்கிறது. என்னைக் கேட்டால், ஈர மணலில் முன்காலைக் கொஞ்சமாகத் திறந்து, முழங்காலை மடக்கி நிற்பேன்.

பேட்டைத் தரையில் தட்டிக்கொண்டே நிற்கும் பழக்கம் இங்கே உதவாது. நான் தட்டித் தட்டி ஒரு குழியே தோண்டிவிட்டேன். காலடியில் விழும் யார்க்கர் பந்து வந்தபோது பேட்டின் முனை அந்தக் குழியின் விளிம்பில் மாட்டியது. மணல் பறந்தது, பந்து ஸ்டம்புக்குப் போனது.