வீட்டு பீர்: சர்க்கரை சேர்க்கும் முன் ஹைட்ரோமீட்டரைப் பாருங்கள்

வீட்டில் தயாரித்த பீர் பாட்டிலோடு வெடித்தால் பழி பெரும்பாலும் பாட்டில் மேல்தான் விழுகிறது. கண்ணாடியில் விரிசல் இருந்தால் சரிதான். ஆனால் வழக்கமான காரணம் அவசரம்: நொதித்தல் முடியும் முன்பே அடைத்துவிடுகிறார்கள்.

ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் வாளி மூடிக் குழாய்) குமிழி நின்றுவிட்டதே என்று நம்பி அடைக்காதீர்கள். வாளி மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் குமிழி வராது. மாதிரியின் நுரை அடங்கியதும், நீரோடு ஒப்பிட்டு அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவியான ஹைட்ரோமீட்டரில், அதில் குறித்திருக்கும் வெப்பநிலையில் அளவெடுங்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் மறுபடி எடுங்கள். எண் மாறாமல் இருப்பது மட்டும் போதாது, எதிர்பார்த்த முடிவு எண்ணுக்கு அருகிலும் இருக்க வேண்டும். குளிரில் ஈஸ்ட் பாதியில் தூங்கிப் போயிருந்தாலும் எண் அசையாது. பாட்டில் சூடானதும் அது விழித்துக்கொள்ளும்.

1.010-இல் முடிய வேண்டிய பீரை 1.014-இல் அடைத்தால் என்ன ஆகும்? மிச்சமிருக்கும் ஒவ்வொரு புள்ளியும் (0.001) பீரின் கன அளவில் ஏறக்குறைய பாதியளவு கார்பன் டை ஆக்சைடு தரும். நான்கு புள்ளிக்கு இரண்டு மடங்கு. நுரைக்காக அடைக்கும்போது நாம் சர்க்கரை போட்டு எதிர்பார்ப்பதே மொத்தம் 2.4 மடங்குதான். இரண்டும் சேர்ந்து 4.4 மடங்கு வாயு வந்தால் சாதாரண பாட்டில் தாங்கும் என்று நம்ப முடியாது.

சர்க்கரைக் கணக்கு எளிது. 20 டிகிரி செல்சியஸில் நொதித்த பீருக்கு லிட்டருக்கு 6 கிராம் வெள்ளைச் சர்க்கரை, 20 லிட்டருக்கு 120 கிராம். கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். கால் லிட்டர் நீரில் கொதிக்கவைத்து ஆறிய பாகைச் சுத்தமான வாளியின் அடியில் ஊற்றி, அதன்மேல் பீரைக் குழாய் வழியே சிதறாமல் இறக்கி, மெதுவாகக் கலக்குங்கள். சரியாகக் கலக்காவிட்டால் ஒரு பாட்டில் சப்பென்றும் அடுத்தது பொங்கியும் வரும். கழுத்தில் 2 முதல் 3 சென்டிமீட்டர் இடம் விடுங்கள்.

மூடி அழுத்தும்போது வாய் விளிம்பில் சில்லு பெயர்ந்தால் அந்த பாட்டிலைப் பீரோடு சேர்த்துக் கொட்டிவிடுங்கள். வடிகட்டிக் குடிக்கலாம் என்பது வேண்டாத சிக்கனம்.

ஒரு பாட்டில் வெடித்துவிட்டால் மற்றவையும் அதே நிலையில்தான் இருக்கும். பாதுகாப்பு மூக்குக்கண்ணாடி, கனத்த கையுறை, முழுக்கைச் சட்டை இல்லாமல் கிட்டே போகாதீர்கள். தடித்த போர்வையால் மூடி, முடிந்தால் பெட்டியோடு அப்படியே குளிரவையுங்கள். குளிர்ந்த பீரில் வாயு அதிகம் கரைவதால் அழுத்தம் இறங்கும். பிறகு ஒவ்வொன்றாக மூடியின் ஓரத்தைச் சற்றே நெம்பி வாயுவை விடலாம். பீரை விட உங்கள் கண் முக்கியம் என்றால், குளிரவைத்த பிறகு மொத்தத்தையும் திறந்து கொட்டிவிடுவதே சரி.

அளவெல்லாம் சரியாக இருந்தும் வாரக்கணக்கில் நுரை ஏறிக்கொண்டே போனால் காட்டு ஈஸ்ட் அல்லது பாக்டீரியா புகுந்திருக்கும். முதலில் சந்தேகப்பட வேண்டியது நிரப்பும் வாளியின் திருகுக் குழாயை. அதைக் கழற்றினால் உள்ளே பழுப்புப் பிசுக்கு ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம்; ஒவ்வொரு முறையும் பிரித்துக் கழுவிக் கிருமிநாசினியில் ஊறவையுங்கள்.

நுரையே வரவில்லையா? 20 முதல் 22 டிகிரி இருக்கும் இடத்துக்கு மாற்றி, பாட்டிலைத் தலைகீழாக ஒருமுறை திருப்பி அடி ஈஸ்ட்டைக் கலக்கிவிட்டு, இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள். அதற்குள் கூடுதல் சர்க்கரை போடாதீர்கள்.