கைப்பிரதியை முதலில் யாரிடம் படிக்கக் கொடுப்பது?

நாவல், சிறுகதைக் கைப்பிரதிகளைச் செம்மையாக்கும் பணியில் தொடர்ந்து ஈடுபட்டுவரும் எனக்கு, ஒரு பிரதியை வேறு எவரேனும் முன்னதாகப் படித்திருக்கிறார்களா என்பது முதல் சில அத்தியாயங்களிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. யாரும் படிக்காத பிரதியில் ஒரு பாத்திரம் யாரென்று சொல்லப்படுவதற்கு முன்பே கதையின் நடுவில் நின்று பேசும். ஒரு பகையின் காரணம் ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும், எழுதிய பக்கங்களில் இருக்காது. இதைக் கவனக்குறைவு என்று சொல்லிவிட முடியாது. மாதக்கணக்கில் ஒரே கதையோடு வாழ்ந்தவரின் மனம், எழுதாமல் விட்டதையும் எழுதியதாகவே எண்ணி நிரப்பிக்கொள்கிறது. எத்தனை முறை திருத்தினாலும் அந்த இடைவெளி அவருக்குப் புலப்படுவது கடினம். அதைக் காண இன்னொருவரின் கண் வேண்டும். அதுவும் பதிப்பகத்துக்கு அனுப்புவதற்கு முன்பே வேண்டும்.

முதல் வாசகரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. எழுத்துப்பிழைகளைக் களைவது மெய்ப்புத் திருத்துபவரின் வேலை. அமைப்பை மாற்ற வழிசொல்வது எடிட்டரின் வேலை. படிக்கும்போது தமக்குள் என்ன நிகழ்ந்தது என்பதை நேர்மையாகச் சொல்வதே முதல் வாசகரின் வேலை. எங்கே ஆர்வம் கூடியது, எங்கே தளர்ந்தது, எந்தப் பத்தியை இரண்டாம் முறை படிக்க வேண்டியிருந்தது, யாருடைய பேச்சை நம்ப முடியவில்லை என்று அவர் சொன்னால் போதும். இதற்கு இலக்கியப் பயிற்சி தேவையில்லை. தமது வாசிப்பைத் தாமே கவனிக்கும் பழக்கமும், கவனித்ததை மறைக்காமல் சொல்லும் துணிவும் வேண்டும். இவ்விரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது அரிது என்பதால்தான் தேட வேண்டியிருக்கிறது.

குடும்பத்தினரையும் நெருங்கிய நண்பர்களையும் அடியோடு விலக்க வேண்டும் என்று நான் கருதவில்லை. ஆனால், அவர்களுக்கு உங்கள் மனம் புண்படக் கூடாது என்ற அக்கறை முதலில் வருகிறது. பிரதி அதற்குப் பின்புதான் வருகிறது. சக எழுத்தாளர்கள் நுட்பங்களைக் கூர்ந்து கவனிப்பார்கள் என்றாலும், தாம் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்போமோ அந்தத் திசைக்கு உங்கள் பிரதியை இழுத்துவிடும் அபாயம் அவர்களிடம் உண்டு. என் அனுபவத்தில் மிகவும் பயன்பட்டவர்கள், நீங்கள் எழுதும் வகைக் கதைகளை விரும்பித் தொடர்ந்து படிக்கும், ஆனால் தாமே எழுதும் ஆசை இல்லாதவர்கள்தான். துப்பறியும் கதையைத் துப்பறியும் கதைகளே பிடிக்காதவரிடம் கொடுத்தால், அவர் சொல்லும் குறை உங்கள் பிரதியைப் பற்றியதா அந்த வகையைப் பற்றியதா என்று பிரித்தறிய முடியாது. அறுவை சிகிச்சையோ நீதிமன்ற விசாரணையோ கதையின் மையமாக இருந்தால், அந்தத் துறையில் இருப்பவர் ஒருவரிடம் அப்பகுதிகளை மட்டும் தனியாகக் கொடுத்துச் சரிபார்ப்பது நல்லது.

ஒருவர் பொருத்தமானவரா என்பதை அறிய, முழு நாவலையும் கொடுத்துச் சோதிக்க வேண்டியதில்லை. ஒரு சிறுகதையையோ முதல் 20 பக்கங்களையோ கொடுங்கள். 'அருமை' என்றோ 'எனக்கு ஒட்டவில்லை' என்றோ மட்டும் பதில் வந்தால், அவரிடம் ஒருமுறை குறிப்பாகக் கேட்டுப் பாருங்கள். அப்போதும் பக்கத்தைச் சுட்டிப் பேச முடியாதவர் நல்ல மனிதராக இருக்கலாம், உங்களுக்கு வேண்டிய வாசகர் அல்லர். ஒப்புக்கொண்ட நாளுக்குள் படித்துத் தருகிறாரா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு சுற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் போதும். கிடைத்த அனைவரிடமும் ஒரே நேரத்தில் கொடுத்துவிடுவதுதான் நான் மிகுதியாகக் காணும் தவறு. ஒருவரால் ஒரு கதையை ஒருமுறைதான் முதன்முறையாகப் படிக்க முடியும். திருத்திய பிரதியை அதே வாசகரிடம் கொடுத்தால், பழைய வடிவத்தில் படித்ததையும் சேர்த்தே அவர் படிக்கிறார். நீக்கிய காட்சியைக்கூட அவருடைய நினைவு நிரப்பிவிடும். எனவே, இரண்டாவது சுற்றுக்கென்று ஓரிருவரைத் தொடாமல் வைத்திருங்கள்.

பிரதியைக் கொடுக்கும்போது கதையின் நோக்கத்தை விளக்காதீர்கள். புத்தகத்தை வாங்கிப் படிப்பவருக்கு அந்த விளக்கம் கிடைக்கப்போவதில்லை. பக்க எண்ணும் தேதியும் இட்ட கோப்பாக, ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதியாகக் கொடுங்கள். கூகுள் டாக்ஸில் ஒரே கோப்பை அனைவரும் திறந்தால், முதலில் குறிப்பெழுதியவரின் கருத்தே மற்றவர்களின் கருத்தாகிவிடும். வாசகர் பிரதியைப் படித்து முடித்த பிறகு கேள்விகளை அனுப்புவது நல்லது. முன்பே கொடுத்தால் வாசகர் தேர்வெழுதும் மனநிலையில் படிக்கத் தொடங்குகிறார். 'பிடித்ததா' என்ற கேள்வியால் பயனில்லை. படிப்பதை எந்த இடத்தில் நிறுத்தி எழுந்தீர்கள், எந்தப் பகுதியை வேகமாகத் தாண்டினீர்கள், பாதியில் முடிவு என்னவாக இருக்கும் என்று நினைத்தீர்கள், பெயரைப் பார்த்ததும் யாரென்று நினைவுக்கு வராத பாத்திரம் எது என்பவற்றைக் கேளுங்கள். மரியாதைக்காக மழுப்புபவர்கூட இவற்றுக்கு உண்மையான பதிலைச் சொல்லிவிடுவார்.

1849ஆம் ஆண்டு பிரெஞ்சு எழுத்தாளர் குஸ்தாவ் ஃப்ளோபேர் தமது புதிய படைப்பை நெருங்கிய நண்பர்கள் இருவருக்கு நான்கு நாட்கள் வாசித்துக் காட்டினார். அவர்களில் ஒருவர் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்பின்படி, மொத்தம் 32 மணி நேரம். முடியும்வரை எதுவும் சொல்லக் கூடாது என்பது ஏற்பாடு. முடிந்ததும், இதை நெருப்பில் போட்டுவிடு, இனி இதைப் பற்றிப் பேசாதே என்று இருவரும் கூறினார்கள். அவர்களின் துணிவு போற்றத்தக்கது. ஆனால், 32 மணி நேரம் வாய்மூடிக் கேட்டவர்களிடம் இறுதியில் ஒட்டுமொத்தத் தீர்ப்பு ஒன்றுதான் எஞ்சியிருக்க முடியும். எந்த மணி நேரத்தில் அவர்களின் கவனம் நழுவத் தொடங்கியது என்பதே எழுதியவருக்குப் பயன்பட்டிருக்கும். ஃப்ளோபேர் அந்தப் பிரதியை எரிக்கவில்லை. வேறொரு நாவலை எழுதிப் புகழ்பெற்றார். பழைய பிரதியையும் விடாமல் திருத்தி எழுதி 1874இல் வெளியிட்டார்.

கருத்துகள் வந்தபின் அவற்றை எடைபோடுவது தனி உழைப்பு. மூவர் ஒரே இடத்தில் தடுக்கினால் அங்கே பழுது இருப்பதாக ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லும் தீர்வுகளை அவ்வாறே ஏற்க வேண்டியதில்லை. ஒரு மரணக் காட்சி மனத்தைத் தொடவில்லை என்று வாசகர்கள் சொன்னால், எழுதியவர் உடனே அக்காட்சியில் கண்ணீரைக் கூட்டுகிறார். பெரும்பாலும் குறை அங்கே இருப்பதில்லை. இறந்தவர் உயிரோடு இருந்தபோது வாசகர் அவரோடு போதிய நேரம் கழிக்கவில்லை. சரிசெய்ய வேண்டியது பத்து அத்தியாயங்களுக்கு முன்னால் இருக்கும். ஒருவர் மட்டும் சொன்ன குறையைத் தள்ளிவிடவும் வேண்டாம். அதைப் படித்ததும் உங்களுக்கே 'தெரிந்ததுதான்' என்று தோன்றினால், அந்த ஒரு குரல் போதும். வாசகர் பேசும்போது குறுக்கிட்டு விளக்கம் சொல்லத் தொடங்கினால், அடுத்த குறையை அவர் தமக்குள்ளேயே வைத்துக்கொள்வார்.

கதையைத் திருடிவிடுவார்களோ என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் 1908இல் செய்யப்பட்ட திருத்தத்திலிருந்தே, உறுப்பு நாடுகளில் பதிப்புரிமை பெறப் பதிவு கட்டாயமில்லை. எழுதிய வாக்கியங்கள் எழுதியவருக்கே உரியவை. வெறும் கருவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே தேதியிட்ட கோப்புகளையும் அனுப்பிய மின்னஞ்சல்களையும் பாதுகாத்து, அறிந்தவர்களிடம் மட்டும் கொடுங்கள். முழுப் பிரதியையும் பொதுவெளியில் பதிவேற்றினால், பல இதழ்களும் போட்டிகளும் அதை ஏற்கெனவே வெளியானதாகக் கருதக்கூடும். கட்டணம் பெற்றுக் கருத்துச் சொல்பவர் படிக்கும் முன்பே புகழ்ந்தாலோ, கருத்தோடு சேர்த்து அச்சிடும் திட்டத்தையும் விற்க முயன்றாலோ விலகிவிடுங்கள்.

ஒரு நாவலைப் பொறுப்போடு படித்துக் குறிப்பெழுத ஒருவர் தமது பல மாலைகளைச் செலவிடுகிறார். குறைந்தது நான்கு வாரம் அவகாசம் கொடுங்கள், இடையில் நச்சரிக்காதீர்கள், அவர் எழுதும்போது அவருடைய பிரதியை அதே கவனத்தோடு படித்துக் கொடுங்கள். திருத்தம் முடிந்ததும், அவருடைய எந்தக் குறிப்பால் எந்தப் பகுதி மாறியது என்பதை ஒரு சிறிய கடிதத்தில் தெரிவியுங்கள். நன்றியுரையில் பெயரைச் சேர்ப்பதற்கு முன் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் அதை விரும்புவதில்லை.