டிஎல்சி இருக்கிறதா என்று பார்க்க உங்கள் பாஸ்வேர்டு எதற்கு?

இந்த மாதமும் ஒரு பையன் ஸ்டீம் (கணினி விளையாட்டுகளை விற்கும் தளம்) கணக்கைப் பறிகொடுத்துவிட்டு வந்தான். ஒரு கிவ்அவேயில், அதாவது இலவசப் பரிசுக் குலுக்கலில், ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ விளையாட்டின் டிஎல்சி (தனியாக வரும் கூடுதல் பகுதி) ஒன்று அவனுக்கு விழுந்திருக்கிறது. “ப்ரோ, உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கான்னு செக் பண்ணணும், இதுல லாகின் பண்ணுங்க” என்று ஒரு லிங்க். பாஸ்வேர்டோடு ‘ஸ்டீம் கார்டு’ (Steam Guard) என்ற பாதுகாப்புக் கோடையும் போட்டிருக்கிறான். கணக்குப் பாதுகாப்பு வேலையில் இருக்கும் எனக்கு இது கேட்டுக் கேட்டுப் புளித்த கதை.

சரிபார்ப்பது தப்பில்லை. ஏற்கெனவே டிஎல்சி வைத்திருப்பவர் கீயை (டிஎல்சியைப் பெற ஸ்டீமில் போடும் குறியீடு) போட்டால் ‘உங்களிடம் இருக்கிறது’ என்று ஸ்டீம் சொல்லிவிடும், கீ செலவாகாது. அதை அப்படியே விற்றுவிடலாம். கிவ்அவே நடத்துபவரின் சந்தேகம் நியாயமானதுதான்.

எனக்கு எரிச்சல் வேறொன்றில். “புரொஃபைலை பப்ளிக் ஆக்கினால் எல்லாம் தெரியுமே!” என்கிறார்கள் பலர். தெரியாது சாமி. அங்கே வருவது மூல விளையாட்டுகளின் பட்டியல், டிஎல்சி வராது. வெப் ஏபிஐ (வெளி நிரல்கள் ஸ்டீமிடம் விவரம் கேட்கும் வழி) தரும் பட்டியலும் அப்படித்தான். போதாக்குறைக்கு 2018 ஏப்ரலிலிருந்து விளையாட்டு விவரங்கள் நாமாகத் திறந்து வைக்காதவரை மறைந்தே இருக்கும். ஆக, புரொஃபைலில் காணவில்லை என்பதால் ஒருவரிடம் டிஎல்சி இல்லை என்று ஆகாது. டிஎல்சிக்கான அச்சீவ்மெண்ட் (விளையாட்டில் எட்டிய சாதனைக் குறி) கிடைத்திருந்தால் ஒரு துப்பு, அவ்வளவுதான். குடும்பப் பகிர்வில், அதாவது வேறொருவர் வாங்கியதை விளையாடியும் அது வந்திருக்கலாம்.

உறுதியாகப் பார்க்க முடிந்தவர் கணக்கின் சொந்தக்காரர்தான். உங்கள் ஸ்டீம் செயலியிலேயே அந்த டிஎல்சியின் ஸ்டோர் பக்கத்தைத் திறங்கள், லைப்ரரியில் இருந்தால் மேலேயே சொல்லும். கணக்கு விவரங்களில் லைசென்ஸ் பட்டியலும் உண்டு. ஸ்கிரீன்ஷாட் கேட்டால் தேவையான வரியை மட்டும் வெட்டி அனுப்புங்கள். வாங்கிய விவரங்களை மொத்தமாகக் காட்டாதீர்கள். கணக்கை மீட்கப் போனால் அதைத்தான் அத்தாட்சியாகக் கேட்பார்கள். லாகினுக்கு என்று யாரோ அனுப்பும் கியூஆர் கோடையும் ஸ்கேன் செய்யாதீர்கள்.

கிவ்அவே நடத்துபவர்களே, ஸ்கிரீன்ஷாட்டை ரொம்பவும் நம்பாதீர்கள். பிரவுசரிலேயே எழுத்தை மாற்றிப் படமெடுக்கலாம். முடிந்தால் கீயாகத் தராமல் ஸ்டீம் கிஃப்டாக அனுப்புங்கள். 2017 முதல் அது நேராக நண்பரின் கணக்குக்கே போகிறது, பதுக்கி விற்க வழியில்லை. அவர் மறுத்தால் உங்கள் பணம் திரும்பிவிடும்.

லாகின் கொடுத்துத் தொலைத்துவிட்டீர்களா? உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். அப்புறம் வெப் ஏபிஐ கீ (இது டிஎல்சி கீ அல்ல, வெளி நிரல்கள் உங்கள் கணக்கை அணுகும் சாவி) பக்கத்துக்குப் போய், நீங்கள் உருவாக்காத கீ இருந்தால் நீக்குங்கள். தயவுசெய்து இந்தக் கடைசி வேலையை விட்டுவிடாதீர்கள். விட்டவர்கள்தான் ‘மறுபடியும் ஐட்டம் (கணக்கில் இருந்த விளையாட்டுப் பொருள்) போயிடுச்சு சார்’ என்று திரும்ப வருகிறார்கள்.