நடுத்தூண் இல்லாத கூடம்: பட்டால்யா மடத்தின் கல்கூரை எப்படி நிற்கிறது?

போர்ச்சுகலின் பட்டால்யா மடத்தில் துறவிகள் கூடிப் பேசிய கூடம் சதுரமானது. பக்கத்துக்கு ஏறத்தாழ 19 மீட்டர். மேலே முழுக்கக் கல்லால் ஆன வளைகூரை, நடுவில் ஒரு தூண்கூட இல்லை. சற்றுத் தள்ளியுள்ள அல்கோபாசா மடத்தில் இதே வகைக் கூடத்தின் கூரையை உள்ளே நிற்கும் தூண்கள்தான் தாங்குகின்றன.

1385 ஆகஸ்டு 14 அன்று அல்ஜுபரோட்டா போரில் அண்டை நாடான காஸ்டீலின் படையை வென்ற முதலாம் ஜுவாவ் மன்னர், நேர்த்திக்கடனாகக் கட்டத் தொடங்கிய மடம் இது. டொமினிகன் துறவிகளுக்குக் கொடுத்தார். முதலில் பணியை நடத்தியவர் அஃபோன்சு தொமிங்கிஷ். 1402 வாக்கில் பொறுப்பேற்ற ஊகெ இந்தக் கூரையை எழுப்பினார்.

இத்தனை பாரத்தில் கல் நசுங்கிவிடாதா? நசுங்காது. சுண்ணாம்புக்கல் தாங்கக்கூடிய அழுத்தத்தில் சிறு பங்குதான் இங்கே வருகிறது. கூரையைக் கவிழ்ப்பது பக்கவாட்டு உந்தல். வளைவு எவ்வளவு தட்டையோ, சுவரை அவ்வளவு பலமாக வெளியே தள்ளும். சீரான பாரமுள்ள வளைவுக்குக் கணக்கு எளிது: பாரத்தை அகலத்தால் பெருக்கி, எழும்பும் உயரத்தின் 8 மடங்கால் வகுக்க வேண்டும். 19 மீட்டர் அகலத்தில் 10 டன் எடையுள்ள ஒரு பட்டை 6 மீட்டர் எழும்பினால், இரு பக்கமும் சுமார் 4 டன் உந்தும். 3 மீட்டர் மட்டும் எழும்பினால் உந்தல் 8 டன்னைத் தொடும்.

மூலைக்கு மூலை இரண்டே விலா வளைவுகளை (கூரையைத் தாங்கும் எலும்புபோன்ற கல் வளைவுகளை) போட்டிருந்தால் ஒவ்வொன்றும் 27 மீட்டர் தாண்ட வேண்டியிருக்கும். உந்தல் முழுவதும் நான்கு மூலைகளில் குவியும். ஊகெ நட்சத்திர வடிவத்தைத் தேர்ந்தார். மூலைகளிலிருந்தும் சுவர்களின் இடையிலிருந்தும் கிளம்பும் விலாக்கள் எட்டு முனை நட்சத்திரமாகப் பின்னி, மையத்தின் பூட்டுக்கல்லை, அதாவது உச்சியில் கடைசியாகப் பொருத்தி வளைவுகளை இறுக்கும் கல்லை, நோக்கிச் செல்கின்றன. உந்தல் பல இடங்களுக்குப் பிரிகிறது. விலாக்களுக்கு நடுவே விழும் கட்டங்களும் சிறியவை, ஆகவே அவற்றை மெல்லிய கல்லால் மூட முடிகிறது.

இப்படிப்பட்ட கூரையில் உயிரைப் பிடித்துக்கொள்ள வைக்கும் வேளை, மரச்சாரத்தைப் பிரிக்கும் வேளைதான். பூட்டுக்கல் உட்காரும்வரை பாரத்தைச் சுமப்பது சாரம். அதன் பிறகும் அவசரப்படக் கூடாது. சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும். தடித்த இணைப்புகளின் உட்புறம் இறுக மாதக்கணக்கில் ஆகும். சாரத்தின் அடியிலுள்ள ஆப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, எல்லாப் பக்கமும் ஒரே அளவில் தளர்த்த வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் பாரம் சாய்ந்து வளைவு கோணும்.

சாரம் இறங்கியதும் சுவர்கள் இம்மியளவு விலகும், உச்சியின் அடிப்பக்கம் மயிரிழை விரிசல் விடும். அது இயல்பு. மூன்று இடத்தில் கீல்போல மடங்கினாலும் வளைவு நிற்கும். நான்காவது கீல் உண்டானால் விழும்.

இந்தக் கூரை முன்பு இருமுறை விழுந்ததென்றும், கடைசியில் சாரம் பிரிக்க மரண தண்டனைக் கைதிகளை அனுப்பினார்கள் என்றும் ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். கதை எப்படியோ, அந்தப் பயம் சரியான வேளையைத்தான் சுட்டுகிறது.

1755 நிலநடுக்கத்தில் மடத்தின் வேறு பகுதிகள் சேதமடைந்தன. இந்தக் கூரை நின்றது. 1921 முதல் பெயர் தெரியாத போர்வீரர்களின் கல்லறை இதே கூரையின் கீழ் இருக்கிறது, காவல் வீரர்களும் அங்கேயே நிற்கிறார்கள்.