எழுபது வயசு கார்டும் புராஸ்டேட் புற்றுநோய்ச் செலவும்: டெல்லித் தமிழர்களுக்கு

எழுபது வயது ஆனவர்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், ஆயுஷ்மான் வய வந்தனா கார்டு உண்டு. டெல்லியில் 2025 ஏப்ரலில் இருந்து மத்திய அரசு 5 லட்சம், டெல்லி அரசு 5 லட்சம், ஆக வருஷத்துக்கு 10 லட்சம் வரை ஆஸ்பத்திரியில் இலவச சிகிச்சை. சரி, அதற்கு மேல்தான் அலைச்சல்.

வயதுக்கு ஆதார்தான் கணக்கு. முனிர்க்காவில் எங்கள் பக்கத்து வீட்டு மாமாவுக்கு எழுபத்திரண்டு நடந்தது. ஆதாரில் 01.01.1958 என்று யாரோ குத்துமதிப்பாகப் போட்டு வைத்திருந்தார்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் கவுன்டர் கவுன்டராக நின்றார், எல்லா இடத்திலும் "வயசு ஆகலை" என்றே திருப்பி அனுப்பினார்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒரு தடவைதான் மாற்ற விடுவார்கள், அதனால் ஊரில் பள்ளிச் சான்றிதழ் கிடைக்குமா என்று நோய் வருவதற்கு முன்பே தேடி வையுங்கள்.

ஆர்.கே.புரம் பக்கம் ரிட்டயர் ஆனவர்களுக்கு: சிஜிஹெச்எஸ் (மத்திய அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்குமான மருத்துவத் திட்டம்) இருந்தால், அதுவா இந்தக் கார்டா, இரண்டில் ஒன்றுதான். அவசரப்பட்டு சிஜிஹெச்எஸ்ஸை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் மாதாமாதம் மருந்து தருவது சிஜிஹெச்எஸ். ஆயுஷ்மான் கார்டு அட்மிஷனுக்குத்தான், அட்மிட் ஆவதற்கு முன் 3 நாள், வீட்டுக்கு வந்தபின் 15 நாள் செலவு வரை சேரும், ஓபி செலவு கிடையாது.

ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயில் இந்த ஓபி விஷயம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. மெதுவாக வளரும் கட்டி, இப்போதைக்குக் கண்காணித்தால் போதும் என்று டாக்டர் சொன்னால், சில மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் பிஎஸ்ஏ என்ற ரத்த டெஸ்ட் கைக்காசு. நோய் பரவியிருந்தால் ஹார்மோனைக் குறைக்க வருஷக்கணக்கில் ஊசி, இல்லையென்றால் விரைகளை எடுக்கும் ஒரே ஆபரேஷன். ஆபரேஷன் மோசமான சிகிச்சை இல்லை, பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் எடுத்தால் எடுத்ததுதான். ஊசி கார்டில் சேருமா என்று கேட்டுச் சொல்ல ஆளில்லாமல் அந்த மாமா அன்றைக்கே கையெழுத்துப் போட்டார், எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. கையெழுத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் கார்டு வேலைக்கு உதவ இருக்கும் ஆயுஷ்மான் மித்ரா என்ற ஊழியரிடம் கேளுங்கள்: ஊசி எத்தனை டோஸுக்கு அனுமதி வரும், ரேடியேஷன் இங்கேயே உண்டா? சில ஆஸ்பத்திரிகளுக்குத் திட்டப் பட்டியலில் பெயர் இருக்கும், புற்றுநோய்ப் பிரிவுக்கு அனுமதி இருக்காது. மழுப்பினால் அங்கேயே நின்று திட்டத்தின் உதவி எண் 14555க்கு போன் போடுங்கள்.

அப்புறம், முதலில் பணம் கட்டுங்கள், பிறகு கார்டில் வாங்கிக்கொள்ளலாம் என்றால் கட்டாதீர்கள். கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் வழி இந்தத் திட்டத்தில் இல்லை.