78 என்று எழுதியிருந்தால் போதுமா? அரக்குத் தட்டுக்கு ஏற்ற ஊசி

பழைய இசைத்தட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தருவதும் டர்ன்டேபிள் பழுதுபார்ப்பதும் என் தொழில். தாத்தா காலத்து அரக்குத் தட்டுகளோடு, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் ஷெல்லாக் தட்டுகளோடு, வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே புகாரைத்தான் சொல்வார்கள்: “பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம். தட்டு கெட்டுவிட்டது போலிருக்கிறது.” நான் முதலில் பார்ப்பது தட்டை அல்ல, அவர்கள் வீட்டு ஊசியை. பல சமயம் குற்றவாளி அங்கேயே அகப்பட்டுவிடும்.

கடைத்தொகுதிகளில் கிடைக்கும் பெட்டி வடிவ பிளேயர்களில் 33, 45, 78 என மூன்று வேகங்கள் இருக்கும். அந்த 78 என்பது மோட்டாரைப் பற்றிய செய்தி மட்டுமே. கூடவே வரும் ஊசி எல்பிக்கானது, அதாவது பின்னாளில் வந்த 33 சுற்று வினைல் தட்டுக்கானது. அதன் முனையின் ஆரம் சுமார் 0.7 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 18 மைக்ரான். அரக்குத் தட்டுக்கு வேண்டியதோ ஏறத்தாழ 3 மில், 76 மைக்ரான். பாட்டு பதிந்திருப்பது ஊசி ஓடும் பள்ளமான வரியின் இரு சுவர்களில். மெல்லிய முனை அந்தச் சுவர்களைப் பற்றாமல் அடியில் விழுந்து தத்தளிக்கிறது. அடியில் இருப்பது பல்லாண்டுத் தூசியும் எஃகு ஊசிகள் விட்டுச்சென்ற தூளும்தான். அதைத்தான் காசு கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஊசிக்கும் இது நல்லதல்ல. அரக்குத் தட்டு வெறும் அரக்கு அல்ல. அதில் பெரும்பங்கு கற்பொடி. கிராமபோனின் எஃகு ஊசியை அந்தப் பொடியே அரைத்து வரியின் வடிவத்துக்குக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்ற பழைய கணக்கு அதனால்தான் வந்தது. இன்றைய ஊசியையும் அது அரைக்கும். வானொலியும் தட்டு பிளேயரும் சேர்ந்த பழைய ரேடியோகிராம்களில் இருக்கும் நீலக்கல் முனை சீக்கிரம் தேய்ந்துவிடும். வைரம் நெடுநாள் தாங்கும். அரக்கில் ஓடித் தேய்ந்த ஊசியை எல்பியின் மேல் வைத்தால் அந்த எல்பியை மறந்துவிட வேண்டியதுதான்.

கடைக்குப் போனால் “78 கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் தலைப்பகுதி) இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், முனையின் ஆரம் எவ்வளவு என்றும் கேளுங்கள். ஆடியோ டெக்னிகாவின் விஎம்95 வரிசை ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் முழு கார்ட்ரிட்ஜுக்கு வெள்ளியைச் செலவழிக்க வேண்டாம். எஸ்பி என்று முடியும் 3 மில் ஊசியை மட்டும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். அதற்கு 5 கிராம் அழுத்தம் வைக்க வேண்டும். எல்பி ஊசிக்குத் திரும்பும்போது 2 கிராமுக்கு இறக்க மறக்கக் கூடாது. ஆர்ட்டோஃபோனின் 2எம் 78 இன்னொரு நல்ல தேர்வு. ஷூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே கைவிட்டது. ஆனாலும் பழைய எம்44 வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஜப்பானின் ஜிகோ அதற்கு 78 ஊசி செய்கிறது.

பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான ஆதாயம் இதற்கு அப்பால்தான் இருக்கிறது. 3 மில் என்பது பொதுவான அளவு. எல்லாத் தட்டுக்கும் அதுவே சரியாக இருக்கும் என்பதில்லை. 1925இல் மின்ஒலிப்பதிவு வருமுன் குழாய் முன் பாடிப் பதிந்த தட்டுகளில் சற்றே பெரிய முனை நன்றாக உட்காரும். 1950களின் திரைப்பாட்டுத் தட்டுகளுக்குப் பல வேளைகளில் 2.5 போதும். இதைவிட முக்கியம் தேய்மானம். கிராமபோனில் ஊசியைத் தாங்கிய, நூறு கிராமுக்கு மேல் கனத்த பழைய ஒலிப்பெட்டி, சுவரின் ஒரு குறிப்பிட்ட உயரத்தில்தான் தேய்த்திருக்கும். அதற்குச் சற்று மேலோ கீழோ தொடும் முனையைப் போட்டால், அரை நூற்றாண்டாக எதுவும் தொடாத சுவர் கிடைக்கக்கூடும். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை இருந்த நாளில் வாங்கியது என்று ஒருவர் கொண்டுவந்த ஓடியன் நிறுவனத் தட்டில், 3 மில்லில் உச்சஸ்தாயி முழுவதும் கரகரத்தது. 3.5இல் குரல் தெளிந்து, ஆர்மோனியத்தின் துருத்தி மூச்சுகூடக் கேட்டது. நுனியை மட்டமாக வெட்டிய முனையானால் இன்னும் நல்லது. வரியின் அடியைத் தொடவே தொடாது. விலைதான் கொஞ்சம் கடிக்கும். பத்துத் தட்டு வைத்திருப்பவருக்கு ஒரே ஊசி போதும் என்பது என் கருத்து. அலமாரி நிறைய வைத்திருப்பவர் இரண்டு மூன்று அளவுகள் வாங்கட்டும்.

ஊசியை மாற்றிய பிறகு ஆம்பிளிஃபயரில் மோனோ பொத்தானை அழுத்துங்கள். இந்தத் தட்டுகளில் ஒலி பக்கவாட்டில் மட்டுமே இருக்கிறது; இரு சேனல்களையும் சேர்த்தால் மேலும் கீழுமான அசைவின் இரைச்சல் தானாக அடங்கிவிடும். செலவே இல்லாத வைத்தியம் இது. டர்ன்டேபிளின் ஒலியைப் பெருக்கும் இன்றைய போனோ ஆம்பிளிஃபயர்கள், 1954இல் நிலைபெற்ற ஆர்ஐஏஏ (அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம்) அளவுப்படி 10,000 ஹெர்ட்ஸில் 14 டெசிபல் அளவுக்கு ஒலியைக் குறைக்கின்றன. அதற்கு முந்தைய பல தட்டுகள் அந்தக் கணக்கில் பதிந்தவை அல்ல. ‘ச’, ‘ஸ’ மழுங்கிக் கேட்டால் ஊசியைக் குறை சொல்லாமல் ட்ரெபிளைச் சற்று ஏற்றிப் பாருங்கள்.

நம் ஊர் ஈரத்தில் உறையோடு பூஞ்சையும் ஒட்டிக்கொள்ளும். புது ஊசியை இறக்குமுன் தட்டைக் கழுவியாக வேண்டும். எல்பிக்கென்று விற்கும் திரவங்கள் சிலவற்றில் ஆல்கஹால் இருக்கிறது. அது அரக்கைக் கரைத்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் போதும். நடுவிலுள்ள காகிதம் நனையாமல் துடைத்து, வெயில் படாத இடத்தில் காற்றாடியின் கீழ் நிறுத்தி உலர்த்துங்கள். சூட்டில் தட்டு வளைந்துவிடும்.